புகைக்கூண்டின் கணக்கு

தீபாவளி முடிந்ததும் தேக்காவில் குவியும் மாலை, வாழையிலை, அட்டைப்பெட்டி எல்லாம் எங்கே போகிறது? மறுபயனீட்டுக்குப் போகாதது எரிஆலைக்கு. அங்கே கனஅளவு சுமார் 90 சதவீதம் குறையும்; சாம்பல் 1999 முதல் செமக்காவ் தீவுக்குப் போகிறது. இது பள்ளியிலேயே படித்ததுதான்.

புகை விஷயத்தில்தான் நாம குழம்பிடுறோம். கைப்பேசியில் பார்க்கும் பிஎஸ்ஐ, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் கணக்கு. அதில் தூசி, ஓசோன் என ஆறு மாசுகள்தான்; டையாக்சின் கிடையாது. அதைப் புகைக்கூண்டிலேயே மாதிரி எடுத்து ஆய்வகத்தில் அளக்கணும். ஐரோப்பாவில் எரிஆலைக்கு வரம்பு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! ஆக, "பிஎஸ்ஐ 50, எல்லாம் ஓகே" என்பது வேறு கேள்விக்கான பதில்.

இந்தியாவில் பதிவுகளைக் கேட்க 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. சிங்கப்பூரில் அப்படியொரு சட்டம் இல்லை. தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு எழுதலாம்; தொகுதி எம்பியின் மக்கள் சந்திப்புக்கும் போகலாம்.

போனால் "புகை சுத்தமா?"ன்னு மொட்டையா கேட்காதீங்க. எந்த ஆலை, எந்த மாதம், அரைமணி நேரச் சராசரியா நாள் சராசரியா, எத்தனை சதவீத ஆக்சிஜனுக்குச் சரிசெய்த எண்? பொறியியல் மாணவனாக நான் முதலில் பார்ப்பது கடைசிக் கேள்வியைத்தான். அந்தத் திருத்தம் இல்லையென்றால், கூடுதல் காற்று கலந்து நீர்த்த புகையும் நல்ல எண்ணையே காட்டும்.