என்னை உள்ளே விடாதீர்கள்

சிங்கப்பூர்க் குடிமக்கள் கேசினோவுக்குள் ஒரு நாள் கால் வைக்க 150 வெள்ளி கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போன நம்மூர்க்காரர்கள் சிலருக்கு இந்தச் சலுகையே வினையாகிப்போனது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை ஒன்றில் ஃபிட்டராக இருக்கும் பொன்னேரிக்காரர் அப்படி மாட்டியவர். பெயர் வேண்டாம் என்றார். சிங்கப்பூர் விடுதியில் உடனிருந்த மூத்தவர்தான் வழி சொன்னாராம்: "நீயே எழுதிக் கொடுத்துடு தம்பி, அப்புறம் உன்னை உள்ளே விட மாட்டாங்க."

அங்கே அதற்குச் சுய விலக்கு என்று பெயர். 2005இல் அமைக்கப்பட்ட பிரச்சினைச் சூதாட்டத்திற்கான தேசிய மன்றம் இதைக் கவனிக்கிறது. வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவரும் பதியலாம். பதிந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓராண்டு முடியாமல் ரத்து கேட்கவும் முடியாது. சூட்சுமம் அந்த ஓராண்டில்தான் இருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவை, கை நமநமக்கும்போது மாற்ற வழியில்லை.

ஊர் திரும்பினார். கேசினோவே இல்லாத மாவட்டம்தான், ஆனால் ஊரடங்குக் காலத்தில் அது செல்போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நைட் ஷிஃப்ட்டில் டீ குடிக்கும் நேரத்தில் ரம்மி. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டுகளில் நுழையக் கூடாது என்று விதித்தது. நைட் ஷிஃப்ட் பார்த்தவர் யாரோ எழுதிய விதி போலத்தான் தெரிகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையே தடைசெய்தது.

ஆனாலும் டெலிகிராமில் வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் வருவது நிற்கவில்லை. அவர்களிடம் யார் போய் எழுதிக் கொடுப்பது? பிரிட்டனில் 2018 முதல் இயங்கும் கேம்ஸ்டாப் என்ற சுய விலக்குத் திட்டத்தில் ஒருமுறை பதிந்தால் ஆறு மாதமோ, ஓராண்டோ, ஐந்தாண்டோ இணையச் சூதாட்டக் கதவுகள் மூடிக்கொள்ளும். அதுவும் அங்கே உரிமம் பெற்ற தளங்களுக்குத்தான்.

ஆகவே ஃபிட்டர் தன் வாசலைத் தானே அடைத்தார். வங்கியில் பதிவான சிம்மைக் கழற்றி மனைவியின் போனில் போட்டார். அந்த சிம் இல்லாத போனில் அந்தக் கணக்குக்கு யுபிஐ பதிவாகாது. ஓடிபியும் மனைவிக்கே போகும். ஏடிஎம் கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்திவைத்தார். ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுப்படி எல்லா வங்கிகளும் இந்த வசதியைத் தர வேண்டும். செலவுக்குக் கையில் ரொக்கம் மட்டும். சம்பளம் விழும் அன்றே சீட்டுப் பணமும் பள்ளிக் கட்டணமும் போய்விடும்.

இதெல்லாம் எளிது. கடினமானது அடுத்தது. வழக்கமாகக் கைமாற்று தரும் நண்பர்களிடமும் மச்சானிடமும் நேரில் போய், "நான் கேட்டாலும் குடுக்காதீங்க" என்று சொன்னார். ஒருவர் சிரித்தாராம். ஆனால் பிறகு கேட்டபோது அவர்தான் கண்டிப்பாக மறுத்தவர். பி.எஃப். முன்பணம் எடுப்பதாக இருந்தாலும் மனைவிக்குத் தெரியாமல் இல்லை என்று பேச்சு.

வீட்டாருக்கும் அவர் ஒன்று சொல்கிறார்: கடனை அடைக்க உதவுவதானால் பணத்தை ஆடுபவர் கையில் கொடுக்காதீர்கள், கடன்காரருக்கே நேராகக் கட்டுங்கள். நகையை விற்று மொத்தத்தையும் ஒரே நாளில் அடைத்துவிட்டால், மறுபடி கடன் வாங்க இடம் கிடைத்துவிடுகிறது. நம் பார்வையில் அவர் சொன்னதிலேயே பயனுள்ளது இதுதான். தன் மகன் கடைசி முறையாகக் கேட்கிறான் என்று நம்பிக் கொடுக்கும் அப்பாக்கள் இந்தப் பகுதியில் குறைவில்லை.

சிம்மை மாற்றினால் ஆசை போய்விடாது. அதற்கு மருத்துவ உதவி வேண்டும். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஆடுபவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, வீட்டிலிருப்பவரும் அழையுங்கள்.