பல் பிடுங்கப் போகும் இருதய நோயாளி



தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் அந்த மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் இதே பெரியவர் பல் வலியோடு போய் உட்கார்ந்து, “பி.பி. உண்டா?” என்று டாக்டர் கேட்டால், “அதெல்லாம் இல்லீங்க” என்று சொல்லிவிடுகிறார். சொன்னால் பல்லைப் பிடுங்காமல் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

இரத்தக் கொதிப்பு இருந்தாலும் பல் வைத்தியம் செய்யலாம். வலியாலும் பயத்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் அளவு ஏறுவது சகஜம். ஐந்து நிமிடம் அமைதியாய் உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் 180/110 அல்லது அதற்கு மேல் நின்றால், அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைத்து, முதலில் கொதிப்பைக் குறைக்க அனுப்புவார்கள். சீழ் கட்டி முகம் வீங்கியிருந்தால் அது வேறு விஷயம். அதை மருத்துவமனையில் உடனே கவனிக்க வேண்டும்.

மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கிறதே, இருதயத்துக்கு ஆகாதே என்று சிலர் ஊசியே வேண்டாம் என்கிறார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டால் உடம்பு தானாகவே அதைவிட அதிகமான அட்ரினலினைச் சுரந்துவிடும். ஆகவே நன்றாக மரத்துப்போக வேண்டும். இருதய நோயாளிக்கு மொத்தம் 0.04 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், மெதுவாக, இரத்தக்குழாய்க்குள் இறங்காதபடி பார்த்துப் போடுவார்கள்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது இன்னொன்று. ஸ்டென்ட் வைத்தவர்கள், “இரத்தம் நிற்காதே” என்று ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைத் தாங்களாகவே நாலு நாள் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்து வீட்டார் சொன்ன யோசனை! பல் குழியில் கசியும் இரத்தத்தைத் துணியைக் கடிக்கவைத்தும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்தால் மாரடைப்பு, உயிரே போகலாம். இருதய மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

வால்வு மாற்றியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிறு வயதில் வந்த மூட்டு வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போனவர்கள் நம் நாட்டில் அநேகர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் தானே உருவாக்கிய வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. அதன் பின் உள்நாட்டு வால்வு குறைந்த விலையில் கிடைத்தது. உலோக வால்வு உள்ளவர் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுவார். அதையும் நிறுத்தாமல், ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, அந்த அளவைப் பார்த்தே பெரும்பாலும் பல் பிடுங்குகிறார்கள்.

ஈறிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து செயற்கை வால்வில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆகவே பெரியவர்களுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம் கொடுக்கிறார்கள். பென்சிலின் ஒவ்வாதவருக்கு வேறு மருந்து. முன்பெல்லாம் அநேக இருதய நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். 2007-இல் அமெரிக்க இருதயச் சங்கம், செயற்கை வால்வு உள்ளவர் போன்ற மிகுந்த ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் போதும் என்றது. தினமும் ஒழுங்காய்ப் பல் துலக்கி ஈறைச் சுகமாக வைத்திருப்பதே பெரிய பாதுகாப்பு.

வலிக்கு மருந்துக் கடையில் டைக்குளோஃபினாக் வாங்கி விழுங்குவதும் வேண்டாம். கொதிப்பு ஏறும், இரத்தம் நீர்க்கும் மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தக் கசிவும் வரும். பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று. தாம்பரம் ரயில் நிலையப் படிகளில் ஏறும்போது மட்டும் கீழ்த்தாடை வலித்து, நின்றால் அடங்குகிறதா? அது பல்லாக இராது, இருதயமாக இருக்கலாம். பல் மருத்துவரிடம் அல்ல, உடனே இருதயப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

உங்கள் சபையில் முதியவர் யாராவது பல் பிடுங்கப் போனால் ஒருவர் கூடப் போங்கள். மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் டாக்டர் பார்த்துக்கொள்வார். காலை மாத்திரையும் பலகாரமும் சாப்பிட்டுவிட்டே போகலாம். முடிந்ததும் நாற்காலியிலிருந்து சட்டென்று எழவிடாதீர்கள். கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலை சுற்றும். லீவு நாள் வசதி என்று சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் போனால், இரவில் இரத்தம் கசிந்தாலும் மறுநாள் டாக்டர் இருப்பார்.