கண்ணிற் பூ விழாமற் காக்கும் விதம்

(சங்கக் கூட்டத்தில் வாசித்துக் கேட்பதற்குரிய பாடம்)

கதிரடித்துத் தூற்றும் காலம் குடியானவருக்கு மகிழ்ச்சி தரும் காலம். கண்ணுக்கு அபாயம் மிகுந்த காலமும் அதுவே. காற்றிற் பறக்கும் உமி, நெல்லின் கூரிய முனை, வைக்கோல் துரும்பு, கரும்புத் தோகையின் ஓரம் முதலியவை விழியிற் பட்டுக் கீறுவது சாதாரண நிகழ்ச்சி. இயந்திர அறுவடை வந்துள்ள ஊர்களிலும் இவ்வபாயம் முற்றும் நீங்கவில்லை. அச்சிறு கீறலை அலட்சியம் செய்து பார்வையை இழந்தவர்கள் பலர். 'கண்ணிற் பூ விழுந்துவிட்டது' என்று கூறி விதியை நோவர். அப்பூ எவ்வாறு உண்டாகிறது, அதை எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றை இங்கே கூறுவோம்.

பூ உண்டாகும் விதம்

கடிகாரத்தை அதன் கண்ணாடி மூடியிருப்பதுபோல், கருவிழியின் முன்புறத்தை ஒரு தெளிவான படலம் மூடியிருக்கிறது. அதன் நடுப்பாகத்தின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரேயாம். ஒளி தடையின்றி உட்செல்லும்பொருட்டு அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் மேற்பரப்பு மட்டும் கீறப்பட்டு, சுத்தமாகவும் இருக்குமாயின், பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். ஆனால் உமியிலும் துரும்பிலும் மண்ணிலும் நம் பார்வைக்குப் புலப்படாத கிருமிகளும் காளான் வித்துக்களும் உண்டு. அவை கீறல் வழியே புகுந்து பெருகினால் விழி புண்ணாகிறது. புண் ஆறிய பின்னரும் அவ்விடத்தில் வெண்மையான தழும்பு நின்றுவிடுகிறது. அத்தழும்பே பூ எனப்படுவது.

1994-ஆம் வருஷத்தில், மூன்று மாத காலத்தில், மதுரையில் விழிப்புண்ணுடன் சிகிச்சைக்கு வந்த 434 பேரைப் பரிசோதித்தனர். அவர்களில் நூற்றுக்கு 65 பேர் முன்னர் கண்ணில் அடிபட்டவர்கள். பூவுக்கு மூலம் பெரும்பாலும் சிறு காயமே என்பது இதனால் விளங்கும்.

காலத்தின் அருமை

நேபாள தேசத்துப் பக்தபூர்ப் பிரதேசத்தில் நடந்த பரீட்சை ஒன்றின் முடிவு 2001-இல் வெளியாயிற்று. விழியிற் கீறல் பட்ட 442 பேருக்குக் கிராமத்திலேயே, பயிற்சி பெற்ற ஊழியர்கள் குளோராம்பெனிகால் என்னும் கண் களிம்பை நாளைக்கு மூன்று வேளையாக மூன்று நாள் இட்டனர். அடிபட்ட 18 மணி நேரத்திற்குள் வந்தவர்கள் 284 பேர். அவர்களில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணிக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்குப் புண் கண்டது. அதற்கும் பின்னர், 48 மணிக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் கண்டது. மருந்து ஒன்றே, வேற்றுமை காலத்தினால் உண்டாயது. மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் இவ்வகை முயற்சி செய்து நற்பயன் கண்டனர்.

செய்யத்தக்கவை

1. கண்ணைக் கசக்கலாகாது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின், காய்ச்சி ஆறிய நீரால் கண்ணை மெல்லக் கழுவுக.

2. துரும்பு விழியிற் பதிந்திருந்தால் அதைத் தொடாமல் வைத்தியரிடம் செல்க.

3. உறுத்தல் நிற்காவிடில், அன்றைய பொழுதுக்குள்ளேயே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ கண் வைத்தியசாலைக்கோ செல்க. வைத்தியர் கூறிய மருந்தைக் கூறிய நாள்வரையில் இடுக.

4. சிவப்பும் வலியும் மிகுந்தாலும், கருவிழியில் வெண்புள்ளி தோன்றினாலும், ஒரு வேளையும் தாமதியாமல் கண் வைத்தியரை அடைக. காளானால் உண்டான புண்ணுக்குப் பல வாரங்கள் சிகிச்சை வேண்டியிருக்கும்.

செய்யத்தகாதவை

இலைச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் முதலியவற்றைக் கண்ணில் விடுவதும், நாவினாலோ முந்தானை நுனியினாலோ துரும்பை எடுப்பதும் அன்பினாற் செய்யப்படுபவை. ஆயினும் அவை புதிய கிருமிகளைக் காயத்திற் சேர்க்கும். கடையிற் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் அத்தகையதே. அவற்றுட் சிலவற்றில் ஸ்டிராய்டு என்னும் சரக்கு உண்டு. அது சிவப்பை அடக்கிக் குணம்போலக் காட்டி, உள்ளே காளானை வளர்த்துவிடும்.

முன்னெச்சரிக்கை

தூற்றும்போது காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். கதிரடிக்கும் இடத்திலும் கரும்பு வெட்டும் இடத்திலும் பக்கங்கள் மூடிய சாதாரணக் கண்ணாடியை அணிவது நலம். ஒரு கண்ணில் முன்னரே பூ விழுந்தவர்கள் இதை ஒருநாளும் மறக்கலாகாது. அவர்களுக்கு மற்றொரு கண்ணே முதல். பூ விழுந்த கண்களிலும் சிலவற்றிற்குப் படல மாற்றுச் சிகிச்சையாற் பார்வை மீளும். 1905-இல் மொராவியாவில் எட்வர்டு சிர்ம் என்னும் வைத்தியர், சுண்ணாம்பினால் பார்வை கெட்ட ஒரு கூலியாளுக்கு இதை முதன்முதலில் வெற்றியுடன் செய்தார். இச்சிகிச்சைக்கு, இறந்தோரின் கண்களை ஆறு மணி நேரத்திற்குள் தானமளிக்கும் உறவினரின் மனம் வேண்டும்.

சங்கத்தின் கடமை

அடிபட்டவர் அன்றே வைத்தியரிடம் செல்லாமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. ஒருநாட் கூலி போய்விடும். பஸ் செலவுக்குப் பணம் இல்லை. களத்தை விட்டுப்போக ஆள் இல்லை. இவை மெய்யான கஷ்டங்கள். தனி மனிதருக்குப் பெரிதாகத் தோன்றும் இச்சுமை, சங்கத்துக்கு மிகச் சிறிது. கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் நாம், கண்ணுக்கும் ஜாமீன் நிற்றல் தகும். அறுவடைக்கு முன் கூடி, வழிச்செலவுக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்குக. அழைத்துச் செல்ல இருவரை நியமிக்க. சென்றவரின் களவேலையை மற்றையோர் முடித்துக் கொடுக்க. அங்கத்தினரல்லாத கூலியாட்களுக்கும் இவ்வுதவி கிடைக்கச் செய்க. உமி பங்காளி, கூலியாள் என்று பார்த்துப் பறப்பதில்லை.

கூட்டத்தில் கேட்கவேண்டிய வினாக்கள்

சென்ற அறுவடையில் நம் ஊரில் யார் யாருக்குக் கண்ணில் அடிபட்டது? அவர்கள் எத்தனை மணி நேரம் கழித்து வைத்தியரிடம் சென்றனர்? வரும் அறுவடையில் முதலில் அடிபடுபவரை யார் அழைத்துச் செல்வது?