விலா எலும்பை எண்ணிப் பார்க்கும் பிள்ளைகள்

நம்பிக்கை: ஆதாமிடமிருந்து தேவன் ஒரு விலா எலும்பை எடுத்ததால், ஆண்களுக்கு இன்றும் பெண்களைவிட ஒன்று குறைவு.

உண்மை: ஆணுக்கும் பெண்ணுக்கும் பக்கத்துக்கு 12, மொத்தம் 24. கழுத்தருகே கூடுதலாக ஒரு விலா எலும்போடு பிறப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களில் இரு பாலரும் இருக்கிறார்கள். பதுவாவில் உடற்கூற்றியல் கற்பித்த வெசாலியஸ், 1543-இல் பாசெல் நகரில் அச்சான தன் பெருநூலிலேயே ஆண்களுக்கு ஒன்று குறைவு என்ற கருத்தை மறுத்துவிட்டார். உடல்களைத் தன் கையால் அறுத்து, எண்ணிப் பார்த்துச் சொன்னவர் அவர். ஆனாலும் நம் ஞாயிறு பள்ளிகளிலும் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி வகுப்புகளிலும் இது இன்னும் பாடமாகவே சொல்லப்படுகிறது.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆதாம் அயர்ந்து தூங்குகிறான், ஒரு விலா எலும்பு எடுக்கப்படுகிறது, அந்த இடம் சதையால் அடைக்கப்படுகிறது. அவன் சந்ததிக்கும் ஒன்று குறையும் என்று அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. விபத்தில் விரலை இழந்த தகப்பனுக்குப் பிறக்கும் குழந்தைக்குப் பத்து விரலும் இருக்கத்தானே செய்கிறது? வேதம் சொல்லாததை வேதத்தின் பெயரால் நாம் சொல்லிவிடுகிறோம். பிள்ளை ஒருநாள் பள்ளி அறிவியல் புத்தகத்தில் 12 ஜோடி என்று படிக்கிறான். அன்று அவன் சந்தேகப்படுவது விலா எலும்பை மட்டுமாக இருக்காது. அந்தப் பாரம் நம்மேல்தான் விழும்.

வகுப்பில் எண்ணச் சொன்னால் ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள். முதல் விலா எலும்பு காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். கடைசி இரண்டு ஜோடிகள் முன்பக்கம் எதோடும் சேராமல் பாதியில் நின்றுவிடும். விரலால் தடவி எண்ணும் பிள்ளைக்குக் கணக்கு குறையும், பழைய கதையே சரி என்று நினைத்துவிடுவான்.

சிகிச்சைக்காக விலா எலும்பை எடுக்கும்போது அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையை விட்டுவைத்தால், அங்கே எலும்பு மறுபடியும் வளரக்கூடும். அதனால்தான் தேவன் விலாவைத் தேர்ந்தெடுத்தார் என்று சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். வேதம் அப்படிக் காரணம் காட்டவில்லை, நாமும் காட்ட வேண்டாம். எலும்பு மீண்டும் வளரும் என்ற செய்தி ஒன்றே போதும், பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள்.

நம்பிக்கை: எலும்பு என்பது உயிரில்லாத காய்ந்த கட்டை.

உண்மை: எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட, உலர்ந்த எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கின் படம் மனதில் பதிந்துபோனதால் வரும் எண்ணம் இது. அங்கே உலர்ந்துபோயிருப்பதுதான் சாவின் அடையாளம். உயிருள்ள எலும்புக்குள் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, நரம்புகள் இருக்கின்றன. சில செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்க, வேறு சில செல்கள் புதிதாகக் கட்டுகின்றன. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. மஜ்ஜையோ நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. படைத்தவரைத் துதிக்கப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நம்பிக்கை: எல்லோருக்கும் 206 எலும்புகள்.

உண்மை: அது வளர்ந்தவர்களின் கணக்கு. பிறந்த குழந்தைக்கு 300-ஐ ஒட்டி இருக்கும், வளர வளரப் பல ஒன்றோடொன்று இணைந்துவிடும். தம்பிப் பாப்பாவின் உச்சிக்குழி மெத்தென்று இருப்பதும் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் இணையாததால்தான்.

நம்பிக்கை: எலும்புக்கூடு பேய்ச் சமாசாரம், விசுவாசிப் பிள்ளைகளுக்கு ஆகாது.

உண்மை: வேதம் எலும்பைக் கண்டு அஞ்சவில்லை. எகிப்திலிருந்து புறப்பட்ட மோசே, யோசேப்பின் எலும்புகளைக் கூடவே எடுத்துச் சென்றார். அவை சீகேமில் அடக்கம் செய்யப்பட்டன. எலிசாவின் எலும்புகள்மேல் பட்ட பிணம் உயிர்பெற்று எழுந்தது. இயேசுவின் எலும்புகளில் ஒன்றும் முறிக்கப்படவில்லை என்பதை யோவான் கவனித்து எழுதி வைத்திருக்கிறார். இந்தச் சம்பவங்களைச் சொல்லிக்கொண்டே எலும்புக்கூட்டுப் படத்தை வகுப்புச் சுவரில் மாட்டலாம். ஒவ்வொரு எலும்பின் பெயரையும் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம்.