இளம் பெண்களின் சூலகக் கட்டி: அஞ்சுமுன் அறிய வேண்டியவை

பருவ வயதுப் பெண்பிள்ளையின் வயிறு பருத்துக் காணப்பட்டால், பெற்றோர் மனத்தில் பலவித ஐயங்கள் எழுகின்றன. ஊராரின் வாய்க்கு அஞ்சி அதனை மூடி மறைப்போர் உளர். அறுவை செய்து எடுத்த கட்டியினுள் முடியும் பல்லும் இருந்தன என்று கேள்வியுற்றதும், அது செய்வினையே என முடிவு கட்டுவோரும் உளர். இவ்விரண்டும் பிழையான எண்ணங்களாகும். அக்கட்டியின் தன்மையையும், அதனோடு சிலவேளை சேர்ந்து காணப்படும் ஓர் அரிய நிலையையும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

கட்டி உண்டாகும் விதம்

பெண்ணின் அடிவயிற்றில், கருப்பையின் இருபுறமும் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு சூலகங்கள் உள்ளன. கருமுட்டைகள் இவற்றில்தான் இருக்கின்றன. ஒரு ரப்பர் விதைக்குள் வேர், தண்டு, இலை, பால் ஆகிய யாவும் உண்டாவதற்குரிய ஆற்றல் அடங்கியுள்ளது. அதுபோலவே, முட்டையாக வேண்டிய உயிரணுவினுள்ளும் தோல், முடி, பல், எலும்பு, மூளை முதலிய எல்லாத் திசுக்களையும் உண்டாக்கும் ஆற்றல் உறங்கிக் கிடக்கிறது. அவ்வுயிரணு தானாகவே பெருகத் தொடங்கினால், இத்திசுக்கள் ஒழுங்கின்றித் திரண்டு கட்டியாகின்றன. இக்கட்டியை மருத்துவர்கள் 'டெரடோமா' என்பர்.

ஆகவே, இது கருவும் அன்று; ஒழுக்கக் குறைவின் அடையாளமும் அன்று; எவரும் ஏவிவிட்டதும் அன்று.

டெரடோமா இருவகைப்படும். முதிர்ந்த வகையே மிகுதி. அது பெரும்பாலும் தீங்கற்றது. முதிராத வகை அரிது. பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியோ அதற்கு முன்னரோ தோன்றுவது. இது புற்றுநோய் இனத்தைச் சேர்ந்ததாயினும், உரிய சிகிச்சையால் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

வயிற்றினுள் சிதறிய மணிகள்

வயிற்றின் உட்புறத்தையும் குடலையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. இதற்குப் பெரிட்டோனியம் என்று பெயர். டெரடோமாவிற்காக அறுவை செய்யும்போது, சில பெண்களின் சவ்வின் மேல் வெண்சாம்பல் நிறச் சிறு மணிகள் சிதறிக் கிடப்பதை மருத்துவர் காண்பதுண்டு. வெறுங்கண்ணுக்கு அவை பரவிவிட்ட புற்றுநோய் போலவே தோன்றும். ஆனால், நுண்பெருக்கியில் ஆராய்ந்தால் அவை மூளை, நரம்பு ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் 'கிளையா' எனும் திசு என்பது புலனாகும்.

அமெரிக்க மருத்துவர்களான ராபாய், ஸ்கல்லி ஆகிய இருவரும் 1970ஆம் ஆண்டில் இத்தகைய 12 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். மணிகள் யாவும் முழுமையாக முதிர்ந்திருந்தால் நோயாளியின் எதிர்காலம் நன்றாகவே இருக்கும் என்பது அதன்வழித் தெளிவாயிற்று. இன்றளவும் மருத்துவர்கள் அதனைப் பின்பற்றுகின்றனர்.

இம்மணிகள் எவ்வாறு வருகின்றன? இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ரப்பர்க் காய் வெடித்து விதைகள் சிதறுவதுபோல, கட்டியின் உறை கிழிந்து திசு சிதறிப் படிகிறது என்பது ஒன்று. கட்டியிலிருந்து சுரக்கும் பொருள்களால் தூண்டப்பெற்று, சவ்வின் சொந்த உயிரணுக்களே கிளையாவாக மாறுகின்றன என்பது மற்றொன்று. 2000ஆம் ஆண்டிற்குப் பின் நடந்த மரபணுச் சோதனைகள் சில, இரண்டாவது விளக்கத்திற்கு வலுவூட்டின. ஆராய்ச்சி தொடர்கிறது.

சிகிச்சை

ஸ்கேன் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் முதலில் செய்யப்படும். இளம் பெண்களுக்குப் பெரும்பாலும் நோயுற்ற பக்கத்தை மட்டுமே அகற்றி, மறு சூலகத்தையும் கருப்பையையும் காப்பாற்றுகின்றனர். எனவே, திருமணமும் மகப்பேறும் இல்லாமற் போகும் என்று கலங்க வேண்டியதில்லை.

மணிகளைப் பொறுத்தவரை, பல இடங்களிலிருந்து துணுக்குகள் எடுத்து ஆராய்வது இன்றியமையாதது. முதிர்ந்தவற்றிடையே முதிராத ஒன்று மறைந்திருக்கக்கூடும். யாவும் முதிர்ந்தவையாயின், அம்மணிகளுக்கெனப் புற்றுநோய் மருந்து தேவையில்லை. அனைத்தையும் சுரண்டி எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மருந்து வேண்டுமா என்பதைக் கட்டியின் தன்மையைக் கொண்டே முடிவு செய்வர்.

எஞ்சிய மணிகள் பல ஆண்டுகள் அமைதியாக இருக்கும். மிக அரிதாக அவை தீய கட்டியாக மாறியதும் உண்டு. ஆதலின், வலி நின்றுவிட்டது என்றோ, ஒருநாட் சம்பளம் போய்விடும் என்றோ மறுபரிசோதனையைக் கைவிடலாகாது.

பெற்றோர் கவனத்திற்கு

1. வயிறு பருத்தல், அடிவயிற்றில் தொடர்ந்த கனம் அல்லது வலி ஆகியவை இருப்பின், மகளைக் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

2. திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் கண்டால், கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

3. எண்ணெய் தேய்த்து வயிற்றை அழுத்திப் பிசையாதீர்கள், கட்டி உடையக்கூடும்.

4. திசுப் பரிசோதனையின் முடிவு வரும்வரை, "பரவிவிட்டது" என்று மனமுடைந்துவிடாதீர்கள்.

ஜெலாப்பாங் வட்டார மக்களுக்கு ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை அண்மையிலேயே உள்ளது. மகள் தன் உடல் உபாதையைத் தாயிடம் அச்சமின்றிக் கூறும் வீட்டில், நோயும் காலத்தோடு கண்டறியப்படும்.