எண் வெறும் கட்டளை, சாட்சி அல்ல

அன்புள்ள தம்பிக்கு,

ராசிபுரத்திலிருந்து நீ அனுப்பிய கல்யாணப் படங்களை நேற்றிரவு பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். தாலி கட்டும் நேரத்து நெருக்கப் படங்கள் மனசுக்கு நிறைவாக இருக்கின்றன. மேடையில் சொந்தபந்தம் வரிசையாக நிற்கும் படங்களில்தான் சிக்கல். ஒன்று சரியாக வந்திருக்கிறது, அடுத்தது வெளுத்துக் கிடக்கிறது, மூன்றாவது மறுபடி சரி. மூன்றுக்கும் அப்பர்ச்சர் எஃப் 8தான், விளக்கும் மாறவில்லை. "எனக்கு இன்னும் கை பழகவில்லையோ" என்று கேட்டிருக்கிறாய். உன் கையில் குறையில்லை. லென்ஸுக்குள் இருக்கும் மோட்டார் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உன்னைப்போலப் பலரும் இதே கோளாறுக்குத் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அதனால்தான் உனக்கு எழுதும் பதிலை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

உன் கேமராவில் நீ எஃப் 8 என்று வைத்ததும் அப்பர்ச்சர் பிளேடுகள் சுருங்கி நிற்பதில்லை. நீ குறி பார்க்கும்போது லென்ஸ் முழுக்கத் திறந்தே இருக்கும். ஷட்டரை அழுத்தியதும் கேமரா மின்சமிக்ஞை அனுப்பும். லென்ஸுக்குள் இருக்கும் சின்ன ஸ்டெப்பர் மோட்டார், ஒரு துடிப்புக்கு ஒரு அடி என்று எண்ணி எண்ணித் திரும்பி, பிளேடுகளைச் சுருக்கும். படம் பதிந்ததும் பழையபடி திறந்துவிடும். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுத்தால் மூவாயிரம் தடவை இந்த வேலை நடக்கிறது.

ஒரு நுட்பத்தை மட்டும் மறக்காதே. இத்தனை அடி போ என்று மோட்டாருக்குச் சொல்லப்படுகிறது. போய்ச் சேர்ந்ததா என்று பல லென்ஸ்களில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. திரையில் தெரியும் எஃப் 8 நீ இட்ட கட்டளை. நடந்ததற்கு அது சாட்சி ஆகாது. பிளேடு எஃப் 2.8லேயே நின்றுவிட்டால் நீ கேட்டதைப்போல எட்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அப்போதும் படத்தின் விவரத்தில் எஃப் 8 என்றுதான் பதிவாகும்.

அந்தக் காலத்தில் அப்பர்ச்சர் வளையத்தைக் கையால் திருகினோம். 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவில் உடலிலிருந்து ஒரு நெம்புகோல் லென்ஸின் பிளேடைத் தள்ளியது. 1987இல் கேனான் தன் ஈஓஎஸ் கேமராக்களோடு அந்த இணைப்பை அறவே எடுத்துவிட்டு, மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே தங்கமுலாம் பூசிய தொடுமுனைகள் மட்டும்தான். 2018இல் வந்த நிக்கானின் இசட் வரிசையும் இந்த வழிக்கே வந்தது. இது நல்ல மாற்றம்தான். ஆனால் கைக்குத் தெரிந்துகொண்டிருந்த ஒரு வேலை கண்ணுக்கே தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு சித்திரை மாதம், ஆத்தூர் பக்கம் கல்யாணம். பெண் அழைப்பு முடிந்து, பையைக் காரிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். நம் ஊர் வெயிலில் மூடிய கார் அடுப்பாகிவிடும் என்பது உனக்குத் தெரியும். சூட்டில் லென்ஸின் திருகுமரையில் இருந்த கிரீஸ் இளகி, எண்ணெயாகக் கசிந்து பிளேடில் ஏறிவிட்டது. ஈரம் பட்ட இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோலப் பிளேடுகள் ஒட்டிக்கொண்டன. மோட்டார் இழுத்தும் அவை நேரத்துக்கு வரவில்லை. முழுக்கத் திறந்து எடுத்த முகப் படங்கள் அருமை. எஃப் 8இல் எடுத்த கூட்டுப் படங்கள் பாழ். நானும் அன்று மண்டப விளக்கைத்தான் குறை சொன்னேன். அந்த வீட்டுப் பாட்டி எல்லாரோடும் நின்ற ஒரே படம் அதில் போயிற்று. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொரு நோய் ஜூம் லென்ஸுக்கு வருவது. பல ஜூம்களில் பிளேடுத் தொகுதி ஜூமோடு சேர்ந்து முன்பின் போகும். அதற்குப் போகும் ஃபிளெக்ஸ் கேபிள் ஒவ்வொரு முறையும் மடங்கி மடங்கி ஒருநாள் விரிசல் விடும். அப்போது முழுக்கத் திறந்த நிலையில் எல்லாம் சரியாக நடக்கும், ஏனென்றால் அங்கே மோட்டாருக்கு வேலையே இல்லை. ஒரு படி சுருக்கினால் கேமரா பிழை காட்டி நின்றுவிடும். இந்த ஒரு குறிப்பை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

சொன்ன இடத்தில் அப்பர்ச்சர் நிற்பது பழைய சினிமாக்காரர்களுக்கும் முக்கியம். சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் முகப்பு வளைவைப் பார்த்திருப்பாய். டி.ஆர்.சுந்தரம் அங்கே 1940இல் 'உத்தம புத்திரன்' எடுத்தார், பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். அந்தக் காலத்து இரட்டை வேடக் காட்சிக்கு, படச்சட்டத்தின் பாதியை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். இரண்டு முறையும் அப்பர்ச்சர் மயிரிழை பிசகாமல் இருந்தால்தான் நடுவே கோடு தெரியாது. சொன்ன இடத்துக்கு மறுபடியும் அப்படியே வந்து நிற்பது: மோட்டாரிடம் நாம் இன்று கேட்பதும் இதைத்தான்.

ஆகவே, முகூர்த்தத்துக்கு முந்தின இரவு இதைச் செய். மேனுவலில் எஃப் 16, ஷட்டர் ஒரு நொடி வைத்து, லென்ஸின் முன்பக்கம் உன் கண்ணால் பார்த்தபடி அழுத்து. பிளேடுகள் சட்டென்று சுருங்கி, ஒழுங்கான சின்ன ஓட்டையாகி, திரும்பச் சட்டென்று விரிய வேண்டும். அவற்றில் எண்ணெய் மினுக்கு தெரிகிறதா என்று பார். பிறகு வெள்ளைச் சுவரை ஒரே விளக்கில், எஃப் 8இல் இருபது படம் எடு. இருபதும் ஒன்றுபோல இருந்தால் நிம்மதியாகத் தூங்கு. ஒன்றிரண்டு வெளுத்திருந்தால் அந்த லென்ஸை மேடைக்குக் கொண்டுபோகாதே. கட்டாயம் என்றால் முழுக்கத் திறந்து மட்டும் எடு.

பிளேடை விரலால் தள்ளாதே, எண்ணெய் விடாதே. அது காய்ந்தே ஓட வேண்டிய பொருள். ஜவ்வரிசி ஆலையிலோ கோழிப்பண்ணையிலோ எடுக்கப் போனால், மாவும் தீவனத் தூசியும் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றாதே. பையைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதே.

நாமக்கல்லில் லாரி கிளம்பும் முன் கிளீனர் ஒரு கம்பியோடு இறங்கி, ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவதைப் பார்த்திருப்பாய். தட்டும் சத்தத்திலேயே காற்று இறங்கிய டயர் அவருக்குத் தெரிந்துவிடும். ஆயிரம் மைல் போகும் வண்டிக்கு அந்த இரண்டு நிமிஷம்தான் காவல். உன் பையில் இருப்பதும் ஒரு குடும்பத்தின் திரும்பி வராத நாள். தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பு தம்பி.

அன்புடன்,
சேலத்திலிருந்து உன் அண்ணன்