பேட்டரி ஆராய்ச்சியில் மகளுக்கு இடம் உண்டா?

கேள்வி: என் மகள் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மின்சார வாகன ஆராய்ச்சியில் நுழைய வழி உண்டா?
– வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: தாராளமாக உண்டு, அம்மா. மாசு குறைந்த வாகனங்களுக்காக 2013-இல் பிரிட்டிஷ் அரசும் வாகனத் துறையும் ஆளுக்குப் பாதியாக, பத்தாண்டுகளுக்கு 100 கோடி பவுண்ட் ஒதுக்கி அட்வான்ஸ்டு புரொபல்ஷன் சென்டரைத் தொடங்கின. 2017-இல் பேட்டரி ஆராய்ச்சிக்கென்றே ஃபாரடே இன்ஸ்டிடியூஷன் வந்தது. இளநிலை மாணவர்களுக்கு அது கோடை விடுமுறையில் சம்பளத்தோடு ஆராய்ச்சிப் பயிற்சி தருகிறது. உங்கள் மகளுக்கு முதல் படி அதுதான்.

அடுத்தது கோவென்ட்ரி. ஆய்வகத்தில் பிறந்த பேட்டரியைத் தொழிற்சாலை அளவில் செய்து பார்க்கும் பொது மையம் அங்கே இருக்கிறது. யூஸ்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். தூரம் என்று தடுத்துவிடாதீர்கள். பல்கலைக்கழக ஆசிரியரிடம் இந்த வாரமே பேசச் சொல்லுங்கள்.